ஏழுக்கு அடுத்து ஒன்பது

போன மாதம் உங்களில் ஒரு பெண், வேலையில் சேர்ந்து மூன்று வாரம்கூட ஆகாதவர், எனக்குப் போன் செய்தார். "மேடம், நம்ம பழைய ஸ்கீமா லிஸ்ட்ல ஏழுக்கு அப்புறம் ஒன்பது வருது. எட்டைக் காணோம். நான் தெரியாம ஏதாவது டிலீட் பண்ணிட்டேனா?" நீ ஒன்றும் செய்யவில்லை, எட்டை எடுத்தது நான்தான் என்று சொல்லி, அதைப் பற்றி வழக்கமாகச் சொல்லும் வேடிக்கைக் கதையைச் சொன்னேன். அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தார். போனை வைத்த பிறகு அன்று முழுக்க எனக்கு மனசு சரியில்லை.

புதிதாக வந்தவர்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று நீங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். என்னிடம் பெரிய சாதனைக் கதைகள் இல்லை. அந்த எட்டின் கதை இருக்கிறது. இத்தனை வருடமும் அதில் பாதியைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மீதியை எழுதிவிடுகிறேன், படித்த பிறகு என்னைப் பற்றி என்ன நினைக்க வேண்டுமோ நினைத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் பின்பாதி. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் அலுவலகம். ஏழு பேர், ஐந்து நாற்காலி. அங்கிருந்து இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி, சேலையூர்ப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அவர்களுக்கு நாங்கள் ஒரு டைரக்டரி சர்வர் அமைத்துக் கொடுத்தோம். அங்கே வேலை செய்கிற எல்லோருடைய விவரமும் ஒரே இடத்தில் இருக்கும், எந்தக் கணினியிலிருந்து கேட்டாலும் பதில் வரும். இன்று உங்களுக்கு இது காபி குடிக்கிற நேரத்தில் முடிகிற வேலை. அன்று எங்கள் ஊரில் அது பெரிய விஷயம்.

எந்தெந்த விவரம் இருக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் என்ன பெயர், என்ன எண் என்று பட்டியல் போடுவது என் வேலை. அதைத்தான் ஸ்கீமா என்கிறோம். பெயர் மனிதர்களுக்கு, எண் கணினிகளுக்கு. ஒரு கணினி சர்வரிடம் "இந்த டாக்டரின் டெலிபோன் நம்பரைக் கொடு" என்று கேட்காது, "ஒன்பதாவது விவரத்தைக் கொடு" என்று கேட்கும். ஒன்பது என்றால் என்ன என்பதில் இரண்டு பக்கமும் ஒரே எண்ணத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் சங்கதி. கொடுத்த எண்ணை இன்னொன்றுக்குக் கொடுக்காதே என்று நாங்கள் பார்த்து வேலை செய்த கையேட்டில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நான் அதை அடிக்கோடிட்டு வைத்திருந்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

அந்த ஆஸ்பத்திரியில் எனக்கு மிகவும் பழக்கமானவர் டெலிபோன் போர்டில் உட்கார்ந்திருந்த அக்கா. எல்லோருக்கும் அவர் போர்டு அக்காதான். ஆஸ்பத்திரிக்கு வருகிற, போகிற எல்லா அழைப்பும் அவர் கை வழியாகத்தான் போகும். முடிச்சூரிலிருந்து சைக்கிளில் வருவார். ஒன்பது வருடமாகத் தற்காலிக ஊழியர். அந்த வருடம் நிரந்தரம் செய்வதாகச் சொல்லியிருந்தார்கள், அந்தக் கடிதத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

என் பட்டியலை முதலில் திருத்தியதே அவர்தான். நாங்கள் பின்பற்றிய முறை வெளிநாட்டுக்காரர்கள் போட்டது, அதில் குடும்பப் பெயர் இல்லாமல் யாரையும் சேர்க்கவே முடியாது. நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் ஏது, இனிஷியல்தானே? நான் அதிபுத்திசாலித்தனமாக இனிஷியலைக் குடும்பப் பெயராக்கி, அதன்படி வரிசைப்படுத்திவிட்டேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, எஸ்ஸுல மட்டும் நாப்பது பேரு கீறாங்க? யாராச்சும் போன் பண்ணி 'எஸ்ஸைக் கூப்பிடு'ன்னா கேப்பாங்க? கண்ணாடி டாக்டரு, செம்பாக்கத்து டாக்டரு, பல்லு டாக்டரம்மா... இப்டித்தாம்மா கேப்பாங்க."

கூப்பிடும் பெயர் என்று ஒரு விவரத்தைச் சேர்த்தேன். அந்தப் பட்டியலிலேயே மிகவும் பயன்பட்டது அதுதான். அவர் பெயரை எங்கும் போடவில்லை, என் யோசனை என்றுதான் அலுவலகத்தில் சொன்னேன். சின்ன விஷயம். ஆனால் என் புத்தி போகிற திசை அப்போதே தெரிந்துவிட்டது.

இன்னொன்றையும் அவர் சொன்னார். பட்டியலில் எட்டாவது "அவசரம் ஒன்று": டாக்டருக்கு ஏதாவது ஆகிவிட்டால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்ற எண், அதாவது மனைவி அல்லது அம்மா. ஒன்பதாவது "அவசரம் இரண்டு": நோயாளிக்காக டாக்டரை உடனே பிடிக்க வேண்டுமானால் எங்கே கூப்பிட வேண்டும் என்ற எண். ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கே இருப்பாரோ அந்த வீட்டு எண்ணை ஆஸ்பத்திரி அலுவலகத்தில் வாங்கி அதில் பதிவார்கள். அச்சிட்ட பட்டியலைப் பார்த்ததும் போர்டு அக்கா, தன் சூப்பர்வைசரும் பக்கத்தில் இருக்கும்போதே சொன்னார்.

"ரெண்டும் அவசரம்னு போட்டா பேஜாராப் பூடும்மா. எது எதுன்னு எனக்கே கொழம்புதே."

"கம்ப்யூட்டர் குழம்பாதுக்கா. அதுக்கு நம்பர்தான் தெரியும். உங்க ஸ்கிரீன்ல பேரு, டிபார்ட்மென்ட், கூப்பிட வேண்டிய நம்பர், மூணு வரிதான் வரும். நீங்க குழம்பறதுக்கு அங்க ஒண்ணுமே இல்ல" என்றேன். அதற்குள் சூப்பர்வைசர் போய்விட்டிருந்தார். நான் சொன்னது அப்போது உண்மை.

ஐந்து மாதம் நன்றாக ஓடியது. அவர் கைப்பட எழுதி வைத்திருந்த நீளமான நோட்டுப் புத்தகம் இனிமேல் தேவையில்லை என்று நிர்வாகம் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டியது. அப்படிச் செய்யச் சொன்னதும் நான்தான். இரண்டு இடத்தில் விவரம் இருந்தால் ஒன்று பழையதாகிவிடும் என்று பெரிதாகப் பாடம் நடத்தினேன்.

இனி, நீங்கள் சிரிக்கிற பகுதி. எங்கள் முதலாளி நல்லவர், ஆனால் எண் ஜோசியத்தில் ஊறியவர். தன் பெயரின் ஆங்கில எழுத்தில் இரண்டு 'ஏ' கூடுதலாகச் சேர்த்துக்கொண்டவர். புது ஸ்கூட்டருக்கு நம்பர் கூட்டினால் எட்டு வருகிறது என்று வண்டியை வாங்காமலே திரும்பி வந்தவர். ஒருநாள் தற்செயலாக என் பட்டியலைப் பார்த்துவிட்டார்.

"என்னம்மா, எட்டாம் நம்பர்ல போய் 'அவசரம்'னு போட்டிருக்க? எட்டு சனியோட நம்பர். ஆஸ்பத்திரி வேற. பதினேழு, இருபத்தாறு, அதெல்லாமும் கூட்டினா எட்டுதான். அதையெல்லாம் காலி பண்ணிடு."

இதோடு நிறுத்தினால் முட்டாள் முதலாளி, பாவப்பட்ட எஞ்சினியர் கதை. எல்லா அலுவலகத்திலும் எடுபடும். ஆனால் அவர் அடுத்து ஒன்று சொன்னார். "அந்த மூணையும் தூக்கிக் கடைசில போட்டுக்கோயேன், என்ன இப்ப?"

அவர் சொன்னபடி செய்திருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது. எட்டில் இருந்தது கடைசிக்குப் போயிருக்கும், ஒன்பது ஒன்பதாகவே இருந்திருக்கும். எனக்குத்தான் மனசு வரவில்லை. அவசரம் ஒன்று, அவசரம் இரண்டு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும், ஒன்று இங்கேயும் இன்னொன்று முப்பதாவது வரியிலும் இருந்தால் அசிங்கம் என்று தோன்றியது. பட்டியல் அழகாக இருக்க வேண்டும் என்ற வீம்பு. அதனால் எட்டு, பதினேழு, இருபத்தாறு மூன்றையும் விட்டுவிட்டு, எட்டிலிருந்து எல்லாவற்றையும் அடுத்தடுத்த எண்ணுக்குத் தள்ளினேன். எட்டு காலி. எட்டில் இருந்த அம்மா அல்லது மனைவியின் எண் ஒன்பதுக்கு வந்தது. ஒன்பதில் இருந்த டாக்டரைப் பிடிக்கும் எண் பத்துக்குப் போனது.

ஒரு சனிக்கிழமை மதியம் ஆஸ்பத்திரிக்குப் போய் சர்வரில் புதுப் பட்டியலை ஏற்றினேன். நான்கு கணினிகளிலும் பழைய பட்டியலின் நகல் இருந்தது, ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். அலுவலகம், மருந்துக் கிடங்கு, ரத்தப் பரிசோதனைக் கூடம் மூன்றையும் முடித்துவிட்டு போர்டு அறைக்கு வந்தபோது மாலை ஐந்தரை. அக்காவுக்கு அழைப்புகள் விடாமல் வந்துகொண்டிருந்தன.

"ஒரு பத்து நிமிசம் குந்தும்மா. லைன் ஓயட்டும், எய்ந்து வுடறேன்."

அன்று எனக்குச் சர்ச்சில் பாடல் பயிற்சி. மறுநாள் சர்ச் ஆண்டு விழா. கடிகாரத்தைப் பார்த்தேன். "பரவால்லக்கா, திங்கக்கிழமை காலைல வந்து பண்ணிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அதுவரை இந்தத் திரையைப் பார்க்காதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறக்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

ஞாயிறு மதியம் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது. உடனே அறுவை சிகிச்சை, மயக்க மருந்து டாக்டர் வர வேண்டும். போர்டு அக்கா திரையில் டாக்டரின் பெயரைத் தட்டினார். அந்தக் கணினி பழைய பழக்கத்தில் ஒன்பதாவது விவரத்தைக் கேட்டது. சர்வர் புதுப் பட்டியலின் ஒன்பதாவதைக் கொடுத்தது. நங்கநல்லூரில் தனியாக இருந்த டாக்டரின் அம்மாவுடைய எண். அக்கா அதைச் சுழற்றி, எப்போதும் சொல்வதைச் சொன்னார்: "ஆஸ்பத்திரியில இருந்து பேசறோம்மா. டாக்டர்... அவசரம்." மேலே சொல்லுமுன் அந்தப் பக்கம் ஓர் அலறல், ரிசீவர் விழுந்த சத்தம்.

டாக்டரின் சொந்த வீட்டு எண் அக்காவுக்கு மனப்பாடம், அங்கே யாரும் எடுக்கவில்லை. நோட்டு அலமாரியில், அலமாரிச் சாவி சூப்பர்வைசரிடம், சூப்பர்வைசர் விடுமுறையில். அக்கா கண்ணை மூடிக்கொண்டு யோசித்திருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் ஒருமுறை அந்த டாக்டரைப் பெருங்களத்தூரில் அவர் சகலை வீட்டுக்கு இணைத்துக் கொடுத்தது ஞாபகம் வந்தது. எண்ணும் ஞாபகம் வந்தது. டாக்டர் அங்கேதான் இருந்தார். அவர் வந்து சேர்ந்தபோது நாற்பது நிமிடம் போயிருந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பிள்ளை ஒரு வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. பிழைத்தது போர்டு அக்காவின் மூளையால், என் சர்வரால் அல்ல.

அதற்குள் டாக்டரின் அம்மா ஓர் ஆட்டோவில் வந்து இறங்கி, வரவேற்பில் இருந்தவர்களிடம் "என் பிள்ளையை எங்க போட்டிருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறார். டாக்டர் ஆபரேஷன் முடிந்து வெளியே வந்து அம்மாவின் கோலத்தைப் பார்த்தார். அவர் கோபத்துக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது.

இதெல்லாம் ஞாயிறு மாலையே முதலாளி போன் செய்து சொல்லித் தெரிந்துவிட்டது. கேட்கும்போதே என்ன நடந்திருக்கும் என்று எனக்குப் புரிந்தது. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன். போர்டு அறையில் இரவுப் பணி ஆள் டீ குடிக்கப் போயிருந்தார். மூன்றே நிமிடம். புது நகலை ஏற்றினேன். அதே டாக்டரின் பெயரைத் தட்டிப் பார்த்தேன். பெருங்களத்தூர் எண் வந்தது.

பத்து மணிக்கு நிர்வாக அதிகாரி எங்களை அழைத்தார். முதலாளியும் நானும் போனோம். சூப்பர்வைசர் ஏற்கெனவே அங்கே இருந்தார். "அந்தம்மா முன்னாடியே சொன்னாங்க சார், ரெண்டு அவசரமும் குழப்புதுன்னு. என் முன்னாடிதான் சொன்னாங்க. எதையோ பார்த்து எதையோ போட்டிருக்காங்க" என்றார்.

போர்டு திரையில் ஒரே ஒரு எண்தான் தெரியும், அவர் குழம்பியிருக்கவே முடியாது என்று அந்த அறையில் தெரிந்தவள் நான் ஒருத்தி.

நிர்வாக அதிகாரி என்னைப் பார்த்தார். "உங்க சிஸ்டத்துல ஏதாவது தப்பு இருக்கா?"

முதலாளி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எதுவும் தெரியாது. எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது. வீட்டில் சம்பாதிப்பது நான் மட்டும்தான் என்றெல்லாம் இன்று காரணம் அடுக்கலாம். அந்த நிமிடத்தில் அதெல்லாம் தோன்றவில்லை. இத்தனை பேர் முன்னால் முட்டாளாகத் தெரியக் கூடாது என்பது ஒன்றுதான் தோன்றியது.

"காலைல செக் பண்ணேன் சார். சரியா இருக்கு."

அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார்கள். எழுதினேன். 'இன்று காலை சோதித்தேன். கணினி சரியான எண்ணையே காட்டுகிறது.' ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதைவிடப் பெரிய பொய்யை நான் என் வாழ்நாளில் எழுதியதில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஆஸ்பத்திரியில் அக்காவிடம் விசாரணை என்று தெரியும். நான்கு நாள் இருந்தது. செவ்வாய்க்கிழமை சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். புதன்கிழமை முதலாளியிடம் மட்டுமாவது சொல்லலாம் என்று அவர் அறை வாசல்வரை போனேன், யாரோ உள்ளே இருந்தார்கள், திரும்பி வந்துவிட்டேன். வியாழக்கிழமை, நாளைக்கு நேரே விசாரணைக்கே போய்ச் சொல்வோம் என்று தீர்மானித்தேன். இதை உங்களுக்கு ஏன் விவரமாக எழுதுகிறேன் என்றால், தப்பு செய்கிற நாளில் யாரும் அயோக்கியராக இருப்பதில்லை. தள்ளிப்போடுகிற நாட்களில்தான் ஆகிறோம். நான் ஆனேன். சனிக்கிழமை போர்டு அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நான் எண் விஷயத்தில் எவ்வளவு கறாரான ஆளாக இருந்தேன் என்பது உங்கள் சீனியர்களுக்குத் தெரியும். ஓர் எண்ணைக் கைவிட்டால் அதன் எதிரே 'ஓய்வு' என்று எழுதி அப்படியே விட வேண்டும், எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் நகர்த்தக் கூடாது, ஒரு கணினியில் பழைய நகல் இருக்கும்வரை வீட்டுக்குப் போகக் கூடாது. முதுகுக்குப் பின்னால் என்னைச் சனியன் என்றுகூடச் சொல்வீர்கள், கேள்விப்பட்டிருக்கிறேன். இந்த விதிகள் எல்லாம் நல்ல விதிகள்தான், கடைப்பிடியுங்கள். ஆனால் அன்று திங்கட்கிழமை பத்து மணிக்கு எனக்குத் தேவைப்பட்டது இந்த விதிகள் எதுவுமே இல்லை.

இரண்டு வருடம் கழித்துத்தான் அவரைப் பார்க்கப் போகும் துணிச்சல் வந்தது. முடிச்சூர்ச் சாலையில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்திருந்தார். சொந்தக் கடை இல்லை, அங்கேயும் கூலிக்குத்தான். என்னைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டார். நான் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். எட்டு, ஒன்பது, பத்து, சனிக்கிழமை, திங்கட்கிழமை காலை ஏழு மணி. சொல்லி முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தேன்.

"தெரியும்மா" என்றார்.

"எப்படிக்கா?"

"திங்கக்கெயம டூட்டிக்கு வந்து அதே பேரைத் தட்னேன். வேற நம்பர் வந்துச்சு. ஞாயித்துக்கெயம ஒண்ணு, திங்கக்கெயம ஒண்ணு. அது இன்னா தானாவா மாறும்? ஏழு மணிக்கே நீ வந்துட்டுப் போனேன்னு வாட்ச்மேன் சொன்னாரு."

"அப்ப விசாரணைல என்னைப் பத்தி ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா உன் வேலை பூடும்ல? திரையில வந்ததைத்தான் போட்டேன்னு மட்டும் சொன்னேன்." கண்ணாடிக் கதவுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "நீயே வந்து சொல்லுவேன்னு நெனைச்சுகினு இருந்தேம்மா. உள்ள அவங்க கேட்டுகினே கீறாங்க, நான் வாசலையே பாத்துகினு கீறேன். நீ வந்துகினு கீறே, பஸ்ஸு லேட்டு போலன்னு."

பூத்துக்குள் ஒருவர் பேசி முடித்து வெளியே வந்தார். அக்கா அவருக்கு ரசீது கிழித்துக் கொடுக்கத் திரும்பினார். நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நான் இரண்டு நிறுத்தம் தள்ளி, மாடியில் என் நாற்காலியில்தான் இருந்தேன். சேலையூர்ப் பக்கம் மூன்று பஸ் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எனக்கு அன்று வேறு எந்த வேலையும் இருக்கவில்லை.